நாலாவது எதிரி

வாழைப்பூவின் முதல் மடலை உரிக்கும்போதே கேட்டுவிடுவது என்றுதான் மங்கையர்க்கரசி வந்து உட்கார்ந்தாள். இப்போது தாம்பாளத்தில் மடல் குவிந்துவிட்டது, வாயிலிருந்து ஒரு வார்த்தை வரக் காணோம். எதிரே தம்பி பெண்டாட்டி சுகந்தி சமையலறைத் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, விரலில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு, பூப்பூவாகப் பிரித்துக் கள்ளனை எடுத்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு பூவுக்குள்ளும் வேகாத நரம்பு ஒன்று தலை நீட்டிக்கொண்டு நிற்கும், அதற்குத்தான் கள்ளன் என்று பேர். மங்கைக்குச் சிரிக்கலாம் போலிருந்தது. அவளையும் இப்படித்தான் எவரோ முகம் தெரியாதவர்கள் ஏதோ ஒரு ஊர் ஆபீஸில் ஏசி போட்டு உட்கார்ந்துகொண்டு பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். கேள், கேட்டுத் தொலை, தம்பி தெய்வேந்திரன் பிள்ளைகளை டியூஷனில் விட்டுவிட்டுத் திரும்புவதற்குள் கேட்டாக வேண்டும், அவன் எதிரில் கேட்கிற விஷயமா இது. இந்தத் தெருவில் போகிற பைக்கெல்லாம் அவன் பைக் மாதிரியே சத்தம் போடுகிறது. ஒன்று கடந்து போனது. அவன் இல்லை. சரி, இந்த மடல் முடியட்டும், அடுத்த மடலுக்குக் கேட்போம் என்று மனசு மறுபடி தவணை வாங்கிக்கொண்டது. மனசுக்கென்ன, தவணை கேட்பதற்கு அது வெட்கப்படுவதே இல்லை.

திங்கட்கிழமைக்குள் பதில் வேண்டும் என்றாள், வேலைக்கு எடுக்கிற ஆளை விசாரிக்கிற கம்பெனியிலிருந்து போன் பண்ணின பெண். குரலைக் கேட்டால் இருபத்திரண்டு வயசுகூட இருக்காது. மேம் மேம் என்று தேனாகப் பேசினாள். உங்க பேக்ரவுண்டு வெரிஃபிகேஷன்ல ஒரு ஹிட் வந்திருக்கு மேம். ஹிட் என்றால் சினிமாவுக்குத்தான் நல்லது போலிருக்கிறது. அட்ரஸ், அப்பா பேரு எல்லாமே மேட்ச் ஆகுது மேம், வரதட்சணைக் கொடுமை கேஸ் மேம், நீங்க அதுல ஃபோர்த் அக்யூஸ்டு. அப்போது மங்கை ஜவுளிக்கடை மூன்றாவது மாடியில் பட்டுப் பகுதிக்கும் பாவாடைப் பகுதிக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தாள். எதிரே ஒரு கல்யாணக் கூட்டம் அரக்குக்கும் மெரூனுக்கும் வித்தியாசம் தெரியாமல் சண்டை போட்டுக்கொண்டிருந்தது. நின்று நின்று காலில் நரம்பு புடைத்துப் பச்சைப் பாம்பாகச் சுருண்டு கிடக்கிற வேலை அது. இனி நிற்க முடியாது என்று டாக்டர் சொன்ன பிறகுதான் அவள் இந்த ஹாஸ்டல் வேலைக்கே எழுதிப் போட்டாள். மலையடிவாரத்துப் பள்ளிக்கூடம், பெண் பிள்ளைகள் ஹாஸ்டல், வார்டன் வேலை. தங்க ஒரு ரூம். ரூமுக்கு ஜன்னல். மூன்று வேளைச் சாப்பாடு, உட்காருவதற்கு ஒரு நாற்காலி. பெரிய மேடம் அவளை நேரில் பார்த்து இரண்டே கேள்விதான் கேட்டார். ராத்திரி ஒரு பிள்ளை அழுதா என்ன பண்ணுவீங்க என்றார். பக்கத்துல போய் உக்காருவேன் மேடம், அதுவா பேசற வரைக்கும் கேக்க மாட்டேன் என்றாள். பெரிய மேடம் அப்போதே பேனாவை மூடி வைத்துவிட்டார். அவ்வளவு சுலபமாகக் கிடைத்த வேலை. ஜவுளிக்கடையில் வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்தாயிற்று, வாடகை வீட்டுக்காரரிடம் சொல்லியாயிற்று. இப்போது பெண் பிள்ளைகளுக்குக் காவல் இருக்க வருகிறவள் ஒரு பெண்ணைக் கொடுமைப்படுத்திய கேஸில் நாலாவது எதிரி என்று பெரிய மேடத்தின் மேஜைக்குப் போகப் போகிறது. போகட்டுமே என்று சொல்ல அவளால் முடியவில்லை. அந்த ஜன்னலை அவள் மனசுக்குள் திறந்து மூடிப் பழகிவிட்டாள்.

கேஸ் முடிந்துவிட்டது என்றுதானே எல்லாரும் நினைத்தார்கள். மகளிர் ஸ்டேஷனில் இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் உட்கார்ந்து, இனிமேல் புகார் இல்லை, சேர்ந்து வாழ்கிறோம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, வெளியே வந்து எல்லாரும் ஓட்டலில் பொங்கல் வடை சாப்பிட்டார்கள். அம்மாகூட மருமகள் இலையில் தன் வடையை எடுத்து வைத்தாள். அதற்கப்புறமும் ஒரு கேஸ் எங்கேயாவது உயிரோடு இருக்கும் என்று எவருக்குத் தோன்றும். அக்கா, அது ஸ்டேஷன்ல எழுதுன பேப்பர்தான், கோர்ட்ல குற்றப்பத்திரிகை அதுபாட்டுக்குக் கெடக்கு என்றார் நேற்றுப் பார்த்த புது வக்கீல். முன்னால் இருந்த வக்கீல் நான் பார்த்துக்கிறேன், நீங்க வர வேணாம் என்று சொல்லிப் பார்த்துக்கொண்டேயிருந்து செத்தும் போய்விட்டார். இனி ஹைகோர்ட் மதுரைக் கிளையில் மனுப் போட்டு ரத்து வாங்க வேண்டும், அது ஆகும்போது ஆகும். திங்கட்கிழமைக்கு அது உதவாது. திங்கட்கிழமைக்கு உதவுவது ஒன்றே ஒன்று. புகார் குடுத்தவங்களே உங்க ரோல் என்னன்னு ஒரு ஸ்டேட்மென்ட் குடுத்தா ஸ்கூல்ல கன்சிடர் பண்ணுவாங்க மேம். புகார் கொடுத்தவங்க இதோ எதிரே உட்கார்ந்து வாழைப்பூ ஆய்கிறாள். முதல் எதிரி தெய்வேந்திரன் அவளுக்கு இரண்டு பிள்ளைகளைக் கொடுத்து, ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்து, ஞாயிற்றுக்கிழமை தலைக்கு எண்ணெய் தேய்த்து விடுகிற அளவுக்கு நல்லவனாகிவிட்டான். கடைக்காரனை யார் சரிபார்க்கப் போகிறார்கள், அவன் கல்லாவில் அவனே ராஜா. இரண்டாவது எதிரி அம்மா, செத்து நாலு வருஷம். மூன்றாவது எதிரி தாய்மாமா, படுக்கையில் கிடக்கிறார், அவருக்கு யாரும் வேலை தரப் போவதில்லை. மிச்சம் இருக்கிற நாலாவது எதிரியைத்தான் உலகம் வளைத்து வளைத்து விசாரிக்கிறது. அடித்தவனுக்கு ஒன்றுமில்லை, அவளுக்குத்தான் எல்லாம். நினைக்க நினைக்க மங்கைக்கு வயிறு எரிந்தது, தம்பி மேல் இல்லை, யார் மேல் என்றும் தெரியவில்லை.

"என்ன அண்ணி, பூவைப் பூராம் பிச்சுப் போடுறீங்க. கள்ளன மட்டும் எடுங்க," என்றாள் சுகந்தி. பார்த்தால் மங்கையின் கையில் நல்ல பூவும் சேர்ந்து நசுங்கியிருந்தது. மோர் கலந்த தண்ணீரில் அதைப் போட்டாள். சுகந்தி மகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது, பாதியிலிருந்து காதில் விழுந்தது. "அவளுக்கு வாய் அண்ணி. டீச்சரம்மாட்டயே எதுத்துப் பேசுது. நாந்தேன் சொன்னேன், பேசட்டும், பொம்பளப் பிள்ளைக்கு வாய் வேணும்னு. நான்லாம் அந்தக் காலத்துல ஒத்தையாப் போயி ஸ்டேஷன்ல நின்னவ." மங்கை குனிந்த தலை நிமிரவில்லை. ஒத்தையாப் போயி. இந்த வார்த்தையைச் சுகந்தி வாயிலிருந்து அவள் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள். மகளிர் குழுக் கூட்டத்தில், பக்கத்து வீட்டுப் பெண் கண்ணில் வீக்கத்தோடு வந்து நின்றபோது, மகளிடம், ஏன், தெய்வேந்திரனிடமே விளையாட்டாக, நான் ஒத்தையாப் போய் உங்களை உள்ள வச்சவ, ஞாபகம் இருக்கட்டும். அவனும் சிரித்துக்கொண்டு காதைப் பிடித்துக்கொள்வான். அந்தச் சிரிப்புக்குள் பயம் இருக்கும், அந்தப் பயம்தான் இந்த வீட்டுக்கு அஸ்திவாரம். ஒவ்வொரு தடவையும் மங்கை தனக்குள் சொல்லிக்கொள்வாள், கெட்டிக்காரி, சொன்னதை எவ்வளவு பத்திரமாகக் காப்பாற்றுகிறாள் பார். காப்பாற்றுகிறாள் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். நேற்று ராத்திரிதான் வேறு மாதிரித் தோன்றி, தோன்றியதிலிருந்து நெஞ்சில் உமி மாட்டினது போல இருக்கிறது. அப்படி இருக்காது. எப்படி இருக்க முடியும். அந்தக் காலையை எவளாவது மறப்பாளா.

அன்றைக்கு அம்மா மேலத்தெருவில் ஒரு சாவுக்குப் போயிருந்தாள். தெய்வேந்திரன் ராத்திரி ஆடின ஆட்டத்தில் அடித்துப் போட்டது போலத் தூங்கிக்கொண்டிருந்தான். அவன் அடித்துப் போட்டவள் அடுப்படி மூலையில் உட்கார்ந்திருந்தாள். கேபிள் ஒயரால் அடித்திருந்தான். ஒரு கண் மூடிவிட்டது, உடம்பு அனலாகக் கொதித்தது, தொட்டால் மட்டும் முனகுவாள். மங்கை அவளுக்குத் தன் சேலையைச் சுற்றிவிட்டாள், கொல்லைப்புற முள்வேலியைத் தூக்கிப் பிடித்தாள், வாய்க்கால் கரையோடு நடத்திக்கொண்டு போய் முதல் பஸ்ஸில் ஏற்றினாள். பஸ்ஸில் தோளில் சாய்ந்தவள் வழி முழுக்கக் கண்ணைத் திறக்கவில்லை. ஸ்டேஷனுக்கு எதிரே வேப்பமரத்தடியில் மனு எழுதுகிறவர் அப்போதுதான் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். சுகந்தியை ஒரு பார்வை பார்த்தார். அவர் இதைப் போல எத்தனை பார்த்தவரோ, பேனாவைக்கூட நிறுத்தவில்லை. "புருசன் பேர மட்டும் போட்டா மத்தியானமே சமாதானம் பேசி அனுப்பிருவாங்கெ. மாமியா, தாய்மாமென், நாத்தனா, வீட்ல இருக்க அத்தன பேரையும் சேத்தாத்தேன் கேசு நிக்கும். நாத்தனா உண்டா?" என்றார். சுகந்திக்கு வாய் வரவில்லை. "உண்டு," என்றாள் மங்கை. "பேரென்ன?" "மங்கையர்க்கரசி." "நீங்க யாருத்தா?" "பக்கத்து வீடு." அவர் எழுதிக்கொண்டார். வயதைக் கேட்டார், இரண்டைக் குறைத்துச் சொன்னாள். அந்த நேரத்திலும் வயதைக் குறைத்தாளே, அந்தக் கூத்தை நினைத்தால் இப்போதுகூட மங்கைக்கு முகம் சிவக்கும்.

தன் பேரைப் போட வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அம்மா பிடித்திருப்பாள். எல்லார் பேரும் இருக்கு, உன் பேரு மட்டும் எப்படிடி இல்ல, நீதானே கூட்டிட்டுப் போனவ என்று அன்றைக்கே கேட்டிருப்பாள், அம்மாவின் மூக்கு அப்படி. தம்பி கையில் இன்னொரு ஒயர் இருந்தது. அந்த வீட்டில் அவளும் சோறு தின்று தூங்கி எழ வேண்டியிருந்தது, போக வேறு வீடு கிடையாது. எதிரியாக இருந்தால்தான் சந்தேகம் வராது. இதைவிடப் பெரிய புத்திசாலித்தனம் தான் வாழ்நாளில் செய்ததில்லை என்று அப்போது நினைத்தாள். அதோடு விட்டாளா. உள்ளே இன்ஸ்பெக்டர் அம்மா கேட்பார்கள், நாத்தனா என்ன பண்ணினாள் என்று, என்ன சொல்லுவாள் இந்தப் பிள்ளை. வேப்பமரத்துக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய், கன்னத்தைத் தட்டித் தட்டி முழிக்க வைத்துச் சொல்லிக்கொடுத்தாள். தனியாத்தான் வந்தேன்னு சொல்லு. அண்ணி வெளிய தாழ்ப்பாள் போட்டாங்க, கத்தக் கத்தத் தொறக்கலன்னு சொல்லு. எங்க, சொல்லு பாப்போம். அண்ணி தாழ்ப்பாள் போட்டாங்க. இன்னொரு தடவை. அண்ணி தாழ்ப்பாள் போட்டாங்க. ரெண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு வாய்ப்பாடு ஏற்றுவது போல ஏற்றினாள். ஸ்டேஷன் படியேறி உள்ளே போகிற வரைக்கும் சுகந்தியின் உதடு அசைந்துகொண்டேயிருந்தது. மங்கை பிள்ளையார் கோயிலில் திருநீறு பூசிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் வீட்டுக்கு வந்துவிட்டாள். கோயிலுக்குப் போய்ட்டு வந்தேன்மா என்றாள். அம்மா திருநீற்றைப் பார்த்தாள், நம்பினாள்.

இன்னொரு பைக். இது நின்றது. மங்கையின் கை அப்படியே நின்றது. கேட் சத்தம் கேட்கவில்லை, பக்கத்து வீட்டுக்குத் தண்ணீர் கேன் வந்திருக்கிறது, அவ்வளவுதான். சுகந்தி இவளைக் கவனிக்கவில்லை, மடலை உரித்தாள், உள்ளே பூ சிறுத்துக்கொண்டே போகிறது, இன்னும் கொஞ்சம்தான், அதற்குள்ளே வெள்ளைக் குருத்து, குருத்தில் கள்ளன் கிடையாது, அப்படியே நறுக்கிவிடலாம், அதோடு உட்கார்ந்திருக்கக் காரணமும் தீர்ந்துவிடும். எப்படி ஆரம்பிக்க. சுகந்தி, அன்னைக்கு நடந்தது உனக்கு ஞாபகம் இருக்கா. சீ, இது போலீஸ்காரன் கேட்கிற மாதிரி இருக்கிறது. சுகந்தி, நாம ரெண்டு பேரும் சேர்ந்து ஒண்ணு பண்ணினோம்ல. இது திருடிகள் பேசுகிற மாதிரி. அதைப் பற்றி அப்புறம் இருவரும் ஒரு வார்த்தைகூடப் பேசிக்கொண்டதில்லை, அதுதான் இப்போது குடைகிறது. தெய்வேந்திரன் ஜெயிலுக்குப் போனான், பதினைந்து நாளில் வந்தவன் ஆளே மாறி வந்தான், உள்ளே என்ன பார்த்தானோ, அதற்கப்புறம் அவன் கை யார் மேலும் ஓங்கவில்லை. மங்கை முன்ஜாமீன் வாங்கிக்கொண்டு தினம் காலையில் அதே ஸ்டேஷனில் கையெழுத்துப் போட்டாள். வேப்பமரத்தடி மனுக்காரர் அவளைப் பார்த்துப் பார்த்து, பக்கத்து வீட்டம்மா என்ன தினமும் வர்றீக என்று ஒரு நாள் கேட்டேவிட்டார். சுகந்தி தன் அம்மா வீட்டுக்குப் போய் இருந்தாள். திரும்பி வந்த அன்று மங்கை அவளைத் தனியாகப் பார்க்க எத்தனையோ முயன்றாள். வீடு நிறையச் சொந்தக்காரர்கள். சுகந்தி அவளைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டாள். அந்தக் குனிவை மங்கை நன்றி என்று எடுத்துக்கொண்டாள். நன்றியாகத்தான் இருந்ததா. அந்த வருஷம் உத்தமபாளையத்துப் பையனுக்கு இவளைப் பேசி முடித்து, பூ வைக்கிற நாள்வரை வந்து, கேஸ்ல பேர் இருக்காமே என்று அவர்கள் போனில் சொல்லி நிறுத்தினார்கள். அம்மா மாரில் அடித்துக்கொண்டு, வந்தவ உன் வாழ்க்கைய அழிச்சுட்டாளேடி என்று சுகந்தியின் காதுபடக் கத்தினாள். மங்கை வாயைத் திறக்கவில்லை. சுகந்தியும் திறக்கவில்லை. அன்றைக்கு ராத்திரி மட்டும் சுகந்தி அவள் தட்டில் கேட்காமலே இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள். அதை வைத்துக்கொண்டுதான் இத்தனை வருஷமும் ஓட்டினாள் மங்கை. ஒரு கரண்டி குழம்பு. ஊரில் எவருக்கும் தெரியாது, ஒருத்திக்குத் தெரியும், அது போதும் என்று இருந்தாள். அந்த ஒருத்திக்குத் தெரியும் என்பது அவளுக்குப் பெரிய சொத்து. இப்போது கேட்டால் அது தெரிந்துவிடும், உண்டா இல்லையா என்று. அதனால்தான் வாய் வரவில்லை, வேலைக்காக இல்லை, பயம் அதற்கு. ஆனால் வேலையும் வேண்டும். கால் வலிக்கிறது. திங்கட்கிழமை வந்துவிடும்.

"சுகந்தி," என்றாள். "எனக்கு அந்த ஹாஸ்டல் வேல கெடச்சுச்சுல்ல. அதுல ஒரு சிக்கல். அவுக போலீஸ் கேஸ் இருக்கான்னு பாக்காக. நம்ம பழைய கேஸ் இன்னும் முடியலயாம். கோர்ட்ல எம்பேரு இருக்காம்."

சுகந்தியின் விரல் நின்றது. "அய்யய்யோ," என்றாள், உண்மையாகவே பதறிப்போய். "அதான் அன்னைக்கே முடிஞ்சுபோச்சே அண்ணி?"

"முடியலயாம். நீ ஒரு பேப்பர்ல எழுதிக் குடுத்தா எடுத்துக்கிருவாகளாம். நான் என்ன பண்ணுனேன், என்ன பண்ணலன்னு."

சுகந்தி கையை முந்தானையில் துடைத்தாள். அவள் கண் கலங்கிவிட்டது. எண்ணெய்க் கையோடு மங்கையின் மணிக்கட்டைப் பிடித்தாள். "இதுக்கா அண்ணி காலைலருந்து மூஞ்சியத் தூக்கி வச்சுட்டு இருக்கீக? எழுதித் தர்றேன். நான் எப்பவோ உங்கள மன்னிச்சுட்டேன் அண்ணி. அதையே எழுதித் தர்றேன். அந்தத் தாழ்ப்பாள் சத்தம் ஒண்ணுதேன் ரொம்ப நாளாக் காதுக்குள்ளயே இருந்துச்சு. தூக்கத்துல எந்திரிச்சு உக்காருவேன். இப்பல்லாம் இல்ல. உங்களயும் குத்தம் சொல்ல முடியாது, அத்தைக்குப் பயந்துதான போட்டீக."

மங்கை அவள் முகத்தையே பார்த்தாள். கண் சிமிட்டுவாள் என்று பார்த்தாள். உதட்டோரம் ஏதாவது சுழிக்கிறதா என்று பார்த்தாள். ஒன்றுமில்லை. நல்ல முகம், சுத்தமான முகம், ஈரம் நிறைந்த முகம். வீட்டில் வேறு ஆள் இல்லை, நடிக்க வேண்டிய அவசியமே இல்லை. சுகந்தி அந்தச் சத்தத்தைக் கேட்டிருக்கிறாள். அந்த அடுப்படிக்குக் கதவே கிடையாது, ஒரு சாக்குத்தான் தொங்கும், ஆனாலும் கேட்டிருக்கிறாள். போடாத தாழ்ப்பாள் இத்தனை வருஷமாக அவளைத் தூங்கவிடாமல் எழுப்பி உட்கார வைத்திருக்கிறது. மங்கைக்கு முதலில் கோபம் வந்தது, அப்புறம் பாவம் இந்தப் பிள்ளை என்று தோன்றியது, இரண்டும் ஒன்றன் மேல் ஒன்றாக வந்து எது நின்றது என்று தெரியவில்லை. மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் குற்றம் செய்தவள் என்றுதானே அர்த்தம். பெரிய மேடம் படிப்பார். ராத்திரி அழுகிற பிள்ளையின் பக்கத்தில் போய் உட்காருவேன் என்று சொன்னவளின் பேப்பர், கதவைப் பூட்டினவள் என்று சொல்லும்.

"சுகந்தி, நான் தாழ்ப்பாள் போடல," என்றாள். "அங்க கதவே இல்ல. நாந்தேன் உன்னக் கூட்டிட்டுப் போனேன். வாய்க்கா வழியா. மனு எழுதுறப்ப பக்கத்துல நின்னேன். எம்பேர நாந்தேன் சொன்னேன். அம்மா சந்தேகப்படக் கூடாதுன்னு தாழ்ப்பாள் கதைய நாந்தேன் உனக்குச் சொல்லிக் குடுத்தேன்."

சொல்லி முடித்ததும் அவளுக்கே கேட்டது, நாந்தேன் நாந்தேன் என்று எவ்வளவு கெஞ்சலாக இருக்கிறது என்று. வேலைக்காக நேற்று ராத்திரி உட்கார்ந்து கட்டின கதை மாதிரி இருந்தது. சுகந்தி கண்ணை மூடித் திறந்தாள். அந்த நேரத்துக்குள் அவள் எங்கெங்கோ போய்த் தேடிவிட்டு வந்தது முகத்தில் தெரிந்தது. உண்மையாகவே தேடினாள், ஏமாற்றவில்லை. வெறுங்கையோடுதான் வந்தாள். பிறகு மங்கையின் மணிக்கட்டை மெல்லத் தடவிக் கொடுத்தாள். காய்ச்சலில் உளறுகிறவர்களை அப்படித்தான் தடவுவார்கள்.

"சரி அண்ணி," என்றாள். "நீங்க சொல்றாப்லயே எழுதித் தர்றேன்."

"உனக்கு ஞாபகமே இல்லயா?"

"ஞாபகம் கெடக்கட்டும் அண்ணி. அன்னைக்கு எனக்கு ஏது சொரணை." அவள் எழுந்து ஃப்ரிட்ஜ் மேலிருந்த மகளின் ரஃப் நோட்டிலிருந்து நடுத்தாளைக் கிழித்தாள், பேனாவைத் தேடினாள், அது எழுதுகிறதா என்று உள்ளங்கையில் கிறுக்கிப் பார்த்தாள். "ஒத்தையாப் போனேன்னு சொல்லிச் சொல்லிப் பழகிருச்சு. இதுல மட்டும் நீங்க வந்ததா எழுதிக்கிறேன். உங்களுக்குக் கால் வலியோட இன்னும் எத்தன நாளைக்கு நிக்க முடியும்? வேல முக்கியம். அவரு வர்றதுக்குள்ள முடிச்சுருவோம், பாத்தா ஏன் எதுக்குன்னு கேப்பாரு. சொல்லுங்க அண்ணி, நீங்க சொல்லச் சொல்ல எழுதுறேன்."

மங்கை சொல்லத் தொடங்கினாள். சம்பவத்தன்று அதிகாலை. எழுது. எனது நாத்தனார் மங்கையர்க்கரசி அவர்கள். எழுது. என்னைத் தமது சேலையைச் சுற்றி. ஒவ்வொரு வார்த்தையும் நடந்ததுதான், ஒன்றுகூடக் கூட்டவில்லை, ஆனாலும் சுகந்தியின் உருண்டையான எழுத்தில் அது தாளில் இறங்க இறங்க, மங்கைக்குக் கூச்சமாக இருந்தது, பிறத்தியார் பொருளை எடுக்கிறவளுக்கு இருக்கிற கூச்சம். முள்வேலியைத் தூக்கியதைச் சொல்ல வந்தவள் விட்டுவிட்டாள். அது நிஜமா என்று ஒரு கணம் அவளுக்கே சந்தேகம் வந்தது. உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள், முள் கீறின தழும்பு ஏதாவது இருக்கிறதா என்று. வாழைப்பூக் கறைதான் இருந்தது.

சுகந்தி பேனாவைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு எழுதியதை ஒரு தடவை வாய்க்குள் படித்தாள். நிறைய யோசித்தாள். அவளுக்கு இது நன்றாக அமைய வேண்டும் என்ற அக்கறை நிஜமாகவே இருந்தது.

"அண்ணி, இம்புட்டு மட்டும் போட்டா மொட்டையா இருக்கு. படிக்கிறவுக நம்பணும்ல? பஸ்ஸு ஸ்டாண்டுல எனக்கு ஒரு டீ வாங்கிக் குடுத்து, ஆத்திக் குடிக்க வச்சீகன்னு சேத்துக்கிருவமா?"

மங்கை டீ வாங்கித் தரவில்லை. மனு எழுதினவருக்குக் கொடுத்தது போகக் கையில் திரும்பி வரப் பஸ்ஸுக்கு மட்டும்தான் இருந்தது. வாங்கித் தந்திருக்கலாமே என்று இப்போது தோன்றியது, அந்தப் பிள்ளை எதுவும் குடிக்காமல்தான் அந்தப் படியேறினாள்.

"சேத்துக்க," என்றாள்.